மூன்று புள்ளி

கார்த்திகை. முத்தையன்கட்டு வான் பாயுதாம்.
மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் போகிற வீதியில் முழங்கால் சேறு.
ஒரு லாண்ட்மாஸ்ரரும் திருத்த வரவில்லை.
அதனால்தான் மொறிஸ் மைனரில் கைவைத்தேன்.

பேதுருப்பிள்ளைக்கு ஐஸ் கடனுக்கு ஈடாய் வந்த கார்.
உடல் ஒருநாள் வந்தது, எஞ்சின் மறுநாள்,
ஆணிகள் எல்லாம் ஒரு பால்மாப் பேணிக்குள்,
மேலே கொஞ்சம் மீன் செதில்.
"ஞாயிறு பூசைக்கு ஓடவேணும் பிள்ளை" என்றார்.
எந்த ஞாயிறு என்று சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

எஞ்சின் இருந்துவிட்டது. தண்ணிப் பம்பும் சரி.
மிச்சம் டைனமோ, அதைத் தாங்கும் பிராக்கெட்.
கொம்பனியில் வார்த்ததில்லை. யாரோ
கலப்பைத் தகட்டை வெட்டி, வளைத்து, அரத்தால் ராவினது.
மூலையில் இன்னும் நகமளவு நீலப் பெயின்ற்.

பன்னிரண்டு, பதினாலு, பதினேழு:
என் சீவியம் இந்தச் சாவிகளில் போகிறது.
இந்தக் கார் இஞ்சியில் பிறந்தது.
பன்னிரண்டு தலையில் ஏறாது.
பதின்மூன்று ஏறும், கொஞ்சம் ஆடும்.
ஆடுகிற சாவி மூலையைத் தின்னும், தெரியும்.
தெரிந்தும் பதின்மூன்றைத்தான் எடுத்தேன்.

முதல் ஆணி ஒன்றரைச் சுற்று வந்து நின்றது.
எண்ணெய் விட்டேன். ஒன்றரைச் சுற்று.
கம்பித் தும்பால் புரியைத் தேய்த்தேன். ஒன்றரை.
மூன்றாவது ஓட்டையில் அதே ஆணி
தொளதொளவென்று போய்ப் பிடிக்காமல் சுற்றியது,
கதை கேட்காமல் தலையாட்டுகிற ஆள்மாதிரி.

இரவு ஏழரைக்குக் கரண்ட் போனது.
டிலக்சன் போன் லைற்றைப் பக்கவாட்டில் பிடித்தான்,
மற்றப் பக்கத்தில் மச் பார்த்தபடி.
யாருக்கோ விக்கெற் விழுந்தது, கை சரிந்தது.
சரிந்த வெளிச்சத்தில் முதல் ஓட்டைக்குப் பக்கத்தில் ஒரு குத்து.
இரண்டாவதுக்குப் பக்கத்தில் இரண்டு.
பிடி, அப்படியே பிடி என்று கத்தினேன்.
மூன்றாவதில் மூன்று.

பேணியைச் சாக்கில் கொட்டினோம்.
அறுபத்தேழு ஆணி. தலைகளை மண்ணெண்ணெயில் கழுவினோம்.
ஒற்றைப் புள்ளி அகப்பட்டது. இரட்டையும்.
ஒற்றை மில்லிமீற்றர், இரட்டை இஞ்சி.
ஒரு சாமானும் வராத காலத்தில்
கையில் கிடைத்த ஆணிக்குப் புரி வெட்டியிருக்கிறான்,
அல்லது வெட்டியிருக்கிறாள், ஏன் கூடாது.
புள்ளி தனக்கு இல்லை. தனக்குத் தெரியும்தானே.
பிறகு கழற்றப்போகிற ஆளுக்கு.

மூன்றாவது ஆணி எங்கும் இல்லை.
அது எங்கே போனது என்று கேட்கத் தொடங்கினால்
இந்தப் பக்கத்தில் கேள்வி ஆணியோடு நிற்காது.
எழும்பிப் போய் லாண்ட்மாஸ்ரர் பெட்டியைத் திறந்தேன்.
பத்து மில்லி, பதினேழுச் சாவி, நீளம் கூட.
கூடின நீளம் அடியில் முட்டி
இறுகினமாதிரி நடிக்கும்.
ஒரு வாஷர், மேலே ஒரு ஸ்பிறிங் வாஷர்.

மூன்றையும் விரலால் தொடக்கினேன்,
ஒன்றையும் இறுக்காமல்.
பிராக்கெட் ஒருக்கா அசைந்து தன் இடத்தைப் பார்க்கட்டும்.
பிறகு ஒன்று, மூன்று, இரண்டு,
திரும்ப ஒன்று.
டைனமோவை ஏற்றி, பெல்ற்றை மாட்டி, வெளியே நெம்பி,
பெருவிரலால் அமுக்கினேன்.
அரை இஞ்சி.
இந்த இஞ்சி மட்டும் என் கைக்குத் தெரியும்.

காலையில் மழை விட்டிருந்தது.
தேத்தண்ணிக் கடையில் இருந்த நாலு பேர் தள்ள,
எஞ்சின் இருமி, நின்று, இருமி, பிடித்தது.
பெல்ற் கத்தவில்லை. பிராக்கெட் அசையவில்லை.
சிவப்பு லைற் அணையவுமில்லை:
டைனமோ ஒரு சொட்டுக் கரண்டும் தரவில்லை.

போன் அடிக்கிறது. பேதுருப்பிள்ளை.
அடிக்கட்டும்.
எஞ்சினை நிற்பாட்டிக்
குத்தூசியையும் சின்னச் சுத்தியலையும் தேடி எடுத்து
லாண்ட்மாஸ்ரர் ஆணியின் தலையில்
ஒரு தட்டு, இன்னொரு தட்டு, இன்னொன்று.

பிறகு போனை எடுத்தேன்.
"எந்த ஞாயிறு?" என்றேன்.